ஸலாமும் செம்பாவும்: 'செஜாரா மெலாயு' காட்டும் மலாக்கா – பாசாய் உறவு

மலாய் உரைநடை இலக்கியத்தில் தலைசிறந்ததாகப் போற்றப்படும் 'செஜாரா மெலாயு' என்னும் நூலுக்கு 'சுலாலத்துஸ் ஸலாத்தீன்' என்ற அரபுப் பெயரும் உண்டு. அரசர்தம் வழிமரபு என்பது அப்பெயரின் பொருள். ஜோகூர் அரசின் தலைநகராக இருந்த பத்து சாவாரில், கி.பி. 1612ஆம் ஆண்டில், இளவரசர் ராஜா அப்துல்லாஹ்வின் பணிப்பின்பேரில் இது தொகுக்கப்பட்டது. தொகுத்தவர் தலைமை அமைச்சராகிய பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் என்பது பெரும்பாலோர் முடிபு. மலாக்கா போர்த்துக்கேயரிடம் 1511இல் வீழ்ந்து நூறாண்டு கழிந்தபின், இழந்த தலைநகரை நினைந்து எழுதப்பட்ட நூல் இது.

தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இந்நூலைப் பெரும்பாலும் ஒரு பெயரின் பொருட்டே அறிந்திருக்கிறோம். அப்பெயர் மணி புரிந்தான். 'கெலிங்' நாட்டிலிருந்து கப்பல்களோடு மலாக்கா வந்து, அங்கு உயர்குடியில் மணம் முடித்து, பெண்டஹாராக்களின் வழிமரபுக்கு மூலவராக விளங்கிய முஸ்லிம் பெருமகனாக நூல் அவரைக் காட்டுகிறது. அவருடைய மகள் மலாக்கா சுல்தானை மணந்தார். அப்பெண்ணின் வயிற்றில் பிறந்த ராஜா காசிம் பின்னர் முஸஃப்பர் ஷா என்ற பெயரில் அரியணை ஏறினார். மகன் துன் அலி பெண்டஹாரா ஆனார். துன் அலியின் மகன் துன் முத்தாஹிரும் அப்பதவியை வகித்தார். நம் சமூக மலர்களிலும் மாநாட்டுச் சிறப்பிதழ்களிலும் இச்செய்தி திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. அதில் நாம் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆயினும் ஒரு நூலிலிருந்து நமக்கு உவப்பான அரைப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை மூடி வைப்பதை வாசிப்பு என்று நாம் ஏற்க இயலாது. அந்த அரைப் பக்கத்திற்கு முன்னும் பின்னும் நூல் எதைப் பேசுகிறது என்பதே இங்கு நம் ஆய்வுக்குரிய பொருள்.

நூல் பெரிதும் பேசுவது அரசுகளுக்கிடையிலான மடல்களைப் பற்றியே எனலாம். எந்த நாட்டு மடல் எத்தனை குடைகளோடு வரவேற்கப்படவேண்டும், அதனைச் சுமந்து வரும் யானை எதுவரை வரலாம், மடலில் எந்தச் சொல் இருக்கவேண்டும் என்பன போன்ற செய்திகளில் ஆசிரியர் காட்டும் கவனம் போர்க்களங்களைப் பேசும்போதுகூடக் காணப்படவில்லை. இவற்றுள்ளும் மலாக்காவுக்கும் பாசாய் அரசுக்கும் இடையே சென்ற மடல்களின் கதைகள் தனிக்கவனம் பெறத் தக்கவை. மலாக்கா இன்று மலேசியாவின் ஒரு மாநிலம். பாசாய், இன்றைய இந்தோனேசியாவின் வட சுமத்ராவில், அச்சே நிலப்பகுதியில் இருந்த துறைமுக அரசு. இன்று இரு நாடுகளாய் நிற்கும் நிலங்களின் பண்டை உறவை, உள்ளிருந்தே பேசும் ஓர் இலக்கியச் சான்று நம் கையில் இருக்கிறது.

பாசாய், மலாக்காவுக்கு மூத்தது. அதன் முதல் முஸ்லிம் அரசராகிய அல்-மலிக்குஸ் ஸாலிஹின் கல்லறைக்கல் ஹிஜ்ரி 696ஐ, அதாவது கி.பி. 1297ஐக் குறிக்கிறது. மலாக்கா தோன்றியதோ ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில்தான். இப்னு பதூதா 1345ஆம் ஆண்டளவில் பாசாயில் தங்கியபோது, அங்கிருந்த சுல்தான் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர் என்றும், மார்க்க அறிஞர்களோடு உரையாடுவதில் நாட்டம் மிக்கவர் என்றும் எழுதினார். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கரையோர ஊர்களின் மத்ஹபும் அதுவே. பாசாயின் இடுகாட்டில் ஹிஜ்ரி 823ஐக் குறிக்கும் கல்லறைக்கல் ஒன்று நைனா ஹுஸாமுத்தீன் என்பவருடையது. ஷெய்கு ஸஅதியின் பாரசீகக் கவிதை அதில் பொறிக்கப்பட்டுள்ளது. 'நைனா' என்ற அந்த முற்பெயர் எந்தக் கரையின் நினைவை எழுப்புகிறது என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

பாசாய் இஸ்லாத்தைத் தழுவிய வரலாற்றைச் சொல்லும்போது 'செஜாரா மெலாயு' ஒரு வியத்தகு செய்தியைத் தருகிறது. மக்காவிலிருந்து ஷெய்கு இஸ்மாயீல் கப்பலில் வருகிறார். வழியில் 'முஅதபர்' நாட்டின் அரசர் தம் மகனிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு, ஃபக்கீர் கோலத்தில் அக்கப்பலில் ஏறிக்கொள்கிறார். பாசாயின் முதல் அரசருக்கு மார்க்கத்தை எடுத்துரைப்பவர் இந்த ஃபக்கீரே. 'முஅதபர்' என்பது அரபியர் 'மஅபர்' என வழங்கிய சோழமண்டலக் கரையே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இதே கதை 'ஹிகாயத் ராஜா-ராஜா பாசாய்' என்ற நூலிலும் உண்டு. இதனை நடந்த நிகழ்ச்சியின் பதிவாக நாம் கொள்ளவில்லை. ஆனால் தன் போட்டி அரசின் மார்க்க மூலத்தைச் சொல்லவரும் மலாக்கா மரபின் நூல், அதனை நம் கரையோடு தொடர்புபடுத்தத் தயங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மணி புரிந்தானின் கதையிலும் பாசாய் இடம்பெறுகிறது. நம் கட்டுரையாளர் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. மலாக்காவை நாடி வந்த அவருடைய கப்பல் பாசாய்க்கு அருகே ஜம்பு ஆயிர் என்ற இடத்தில் புயலில் சிக்குகிறது. கடலில் விழுந்த அவரை 'ஆலு-ஆலு' என்ற மீன் தாங்கிக் கரைசேர்க்கிறது. தம் வழித்தோன்றல்கள் அம்மீனை உண்ணலாகாது என அவர் விலக்கிவைக்கிறார். பாசாய் அரசர் தம் மகளை அவருக்கு மணம் செய்விக்கிறார். பிற்காலப் பாசாய் அரசர்கள் அவ்வழி வந்தவர்களே என்கிறது நூல். அதன்பின் தாய்நாடு திரும்பி, மீண்டும் பயணப்பட்டே அவர் மலாக்கா வந்து சேர்கிறார். எனவே நூலின் கூற்றுப்படி, பாசாயின் அரச குடும்பமும் மலாக்காவின் அமைச்சர் குடும்பமும் ஒரே மூதாதையின் வழியில் வந்தவை. முஸஃப்பர் ஷா முதலாக மலாக்காவின் அரச குடும்பத்திலும் அக்குருதி கலந்துவிடுகிறது.

மார்க்கம் ஒன்று, மத்ஹப் ஒன்று, மூதாதை ஒருவர். அப்படியிருந்தும் இவ்விரு அரசுகளும் ஒரு சொல்லுக்காகத் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கு நின்றன.

அச்சொல்லைப் பார்ப்போம். மலாய் அரசவை மரபில் 'செம்பா' என்பது, கைகளைக் கூப்பி நெற்றிக்கு உயர்த்திக் கீழோர் மேலோர்க்குச் செய்யும் வணக்கம். அடிபணிதலின் அடையாளம் அது. 'ஸலாம்' நாம் அறிந்ததே. அதற்கும் முறைகள் உண்டு. இளையோர் மூத்தோர்க்கும், நடந்து செல்வோர் அமர்ந்திருப்போர்க்கும் முற்பட்டுக் கூறவேண்டும் என்பது நபிமொழி. ஆனால் மறுமொழி அதனினும் அழகியதாகவோ, குறைந்தது அதற்கு நிகரானதாகவோ இருக்கவேண்டும் எனத் திருக்குர்ஆன் (4:86) பணிப்பதால், ஸலாம் சொன்னவரைத் தாழ்ந்தவராக்கும் வழி அதில் இல்லை. மலாக்காவின் அரசவை நெறிகளை விவரிக்கும் அதிகாரத்தில், பாசாயிலிருந்தும் ஹாருவிலிருந்தும் வரும் மடல்கள் முரசு, எக்காளம், இரண்டு வெண்குடைகள் ஆகிய முழு மரியாதையோடு வரவேற்கப்பட்டன எனவும், யானை அரசவை மண்டபத்தின் அருகுவரை கொண்டுவரப்பட்டது எனவும் படிக்கிறோம். அவ்விரு நாட்டு அரசர்களும் மலாக்கா அரசருக்கு நிகரானவர்கள், ஆகவே அவர்களிடையே ஸலாமே உரியது என்று நூல் காரணமும் கூறுகிறது. பிறநாட்டு மடல்களுக்கு மரியாதை ஒருபடி குறைவு.

சட்டம் இவ்வாறிருக்க, நடப்பு வேறாக இருந்தது. மலாக்காவிலிருந்து ஸலாம் என்று எழுதிச்சென்ற மடலைப் பாசாய் அரசவையில் செம்பா என்று வாசித்துவிடுவார்களாம். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று. இதனைத் தடுக்க சுல்தான் மஹ்மூத் ஷாவின் காலத்தில் ஒரு வழி காணப்பட்டது. மடலை ஏட்டில் எழுதி அனுப்புவதற்குப் பதிலாகத் தூதரின் நெஞ்சில் எழுதி அனுப்பினர். துன் முஹம்மத் என்ற தூதர் மடலை மனப்பாடம் செய்துகொண்டு பாசாய் சென்று, அரசவையில் தம் வாயாலேயே ஓதினார். குர்ஆனை மனனம் செய்தலைக் குறிக்கும் 'ஹிஃப்ழ்' என்ற அரபுச் சொல்லின் அடியாகவே மலாய் மூலம் இச்செயலைக் குறிக்கிறது. வேற்றார் கை படாமல் சொல்லைக் காப்பதற்கு முஸ்லிம் சமூகம் கண்ட மிகப் பழைய முறையை, அரசதந்திரம் தன் தேவைக்கு எடுத்துக்கொண்ட விதத்தை நோக்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, சிறிது வருத்தமும் உண்டாகிறது.

இதனினும் கூர்மையானது பாசாய் அரசர் ஜைனுல் ஆபிதீனின் கதை. உடன்பிறந்தாரால் நாடு பறிக்கப்பட்ட அவர் மலாக்காவில் அடைக்கலம் புகுகிறார். பெண்டஹாரா பதுக்கா ராஜா துன் பேராக்கின் தலைமையில் மலாக்காப் படை பாசாய் சென்று, கடும்போரிட்டு அவரை மீண்டும் அரியணையில் அமர்த்துகிறது. விடைபெறும் வேளையில் பெண்டஹாரா, மலாக்கா சுல்தானுக்குச் செம்பா சொல்லி அனுப்ப உண்டா எனக் கேட்கிறார். மலாக்காவில் இருந்தபோது தாம் செய்த செம்பா மலாக்காவிலேயே தங்கிவிட்டது என்ற பொருள்பட அரசர் மறுமொழி தருகிறார். பெண்டஹாரா சினந்து புறப்படுகிறார். ஜம்பு ஆயிரை அடையுமுன்னரே பாசாயில் மீண்டும் கலகம் மூண்ட செய்தி எட்டுகிறது. மலாக்காப் படை திரும்பவில்லை.

இக்கதையில் ஆசிரியரின் சார்பு மலாக்காவின் பக்கம் என்பதில் ஐயமில்லை. நன்றி மறந்தவர் கெட்டார் என்று காட்டுவதே அவர் நோக்கமாக இருக்கலாம். எனினும் எதிரியின் அந்த மறுமொழியை அவர் மழுங்கடிக்கவில்லை. அடைக்கலம் தேடிய மனிதரின் தலை வேறு, அரியணையில் அமர்ந்த அரசரின் தலை வேறு என்ற வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதனை அப்படியே பதிவுசெய்த எழுத்தாளரின் நேர்மையை நாம் மதிக்கிறோம்.

சயாமோடு நிகழ்ந்த மடற்போக்கு இதற்கு நேர்மாறானது. சயாம் மன்னர் மலாக்காவிடம் அடிபணிவை எதிர்பார்த்துப் படையும் அனுப்பினார். போர் ஓய்ந்தபின் முஸஃப்பர் ஷா உறவை நாடித் தூதனுப்பியபோது, செம்பாவும் இன்றி ஸலாமும் இன்றி ஒரு மடல் வரையப்பட்டது. புத்த சமயத்தவரான மன்னரோடு இருதரப்பும் மானம் இழக்காத ஒரு மூன்றாம் வழி கிடைத்தது. மார்க்கத்தால் ஒன்றுபட்ட பாசாயோடு அத்தகைய வழி கிடைக்கவில்லை. அங்கே ஸலாம் என்ற சொல் இருவருக்கும் பொதுவாக இருந்ததனாலேயே அதன்மீது இழுபறி நடந்தது. சமயம் ஒன்றானால் அரசுகள் தாமே ஒன்றிவிடும் எனக் கருதுவோர், இந்த இரு கதைகளையும் அருகருகே வைத்துப் படிப்பது நன்று.

அதற்காக உறவு முழுவதும் பூசலாகவே இருந்தது என எண்ணவும் இடமில்லை. மார்க்க ஐயம் எழுந்தால் மலாக்கா நாடியது பாசாயைத்தான். சுவனத்தில் புகுந்தவரும் நரகில் வீழ்ந்தவரும் அங்கேயே நிலைத்திருப்பரா என்ற வினாவோடு, பொன்னும் இரு அடிமைப் பெண்களும் பரிசாகக் கொடுத்து, சுல்தான் மன்ஸூர் ஷா துன் பிஜா வங்சாவைப் பாசாய்க்கு அனுப்பினார். அங்குள்ள அறிஞர் அவையில் நேரடியான விடையைத் தந்தார். இதனை அறியாமலா மலாக்காவினர் பொன் கொடுத்து அனுப்பியிருப்பர் என மாணவர் ஒருவர் உணர்த்த, பின்னர் தூதரைத் தனியே அழைத்து வேறொரு விடை கூறினார். அந்த இரண்டாம் விடையை அப்துல் கரீம் அல்-ஜீலியின் 'அல்-இன்ஸானுல் காமில்' நூற்கருத்தோடு ஆய்வாளர் இணைத்துப் பேசியுள்ளனர். மனிதரைப் பரிசுப் பொருளாக்கிய காலம் அது என்பதை இங்கு மறைக்க வேண்டியதில்லை. நம் கவனத்திற்குரியது, மலாக்கா துறைமுகச் செல்வத்தில் பாசாயை விஞ்சிய பின்னும், அறிவில் அதனை மூத்ததாகவே ஏற்றது என்பதாகும். அரசுநிலையில் செம்பாவை வற்புறுத்திய அதே அவை, மார்க்க வினாவைக் கையேந்திக் கேட்டது.

செல்வம் என்றோம். 'செஜாரா மெலாயு'வின் பெருங்குறை அங்கேதான் இருக்கிறது. துறைமுகத்தால் வாழ்ந்த ஓர் அரசைப் பற்றிய நூலில் துறைமுகத்தைத் தேடவேண்டியிருக்கிறது. குடைகளின் நிறம் தெரிகிறது. மிளகின் விலை தெரிவதில்லை. அதற்கு 1512 முதல் 1515 வரையான ஆண்டுகளில் எழுதிய போர்த்துக்கேயர் தோமே பிரெஸை நாடவேண்டும். மலாக்காவில் நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள் இருந்தனர் என்கிறார் அவர். குஜராத்தியருக்கு ஒருவர். கெலிங்கர், வங்காளியர், பெகு நாட்டார், பாசாயினர் ஆகியோருக்கு மற்றொருவர். அரசவையில் குடைக்கணக்கு பார்க்கப்பட்ட பாசாய்க்காரரும் நம் கரைக் கப்பல்காரரும் துறைமுகத்தில் ஒரே அதிகாரியின் முன் நின்றனர். மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு ஆறு வீதம் சுங்கம். கிழக்கிலிருந்து வந்தோர் காணிக்கை மட்டும் செலுத்தினர். பாசாயிலிருந்த செல்வமிக்க முஸ்லிம் வணிகர்கள் மலாக்காவுக்கு இடம்பெயர்ந்ததையும், மலாக்கா அரசர் அவர்களை வரவேற்றுச் சலுகை தந்ததையும் பிரெஸ் குறிப்பிடுகிறார். ஸலாமா செம்பாவா என்ற பூசலின் அடியில் ஓடிய நீர் இதுவே. வணிகரைப் புதிய துறைமுகத்திடம் இழந்துவந்த பழைய துறைமுகம், தன் முதுமையையாவது மடலில் காப்பாற்றிக்கொள்ள முயன்றது என்பது நம் கணிப்பு. பாசாயிடம் மிளகும், சுல்தான்களின் பெயர் பொறித்த சிறு பொற்காசும் இருந்தன. மலாக்கா வெள்ளீயக் காசு அடித்தது. ஆனால் கப்பல்கள் அங்கேதான் சென்றன.

அக்கப்பல்களில் சென்றவற்றுள் முதன்மையானது சோழமண்டலத் துணி. இதனை எழுதும் நமக்கு அது தொலைவான செய்தியன்று. நம் சோரியாங்குப்பம் தென்பெண்ணையின் வடகரையில் உள்ளது. ஆறு சில கல் தொலைவு சென்று கடலூர்க்கு வடக்கே கடலில் கலக்கிறது. முகத்துவாரத்திற்குச் சற்றே தெற்கிலுள்ள தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர் 1608இல் வந்து பண்டகசாலை அமைத்தனர். கீழைத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கவேண்டுமானால் இக்கரைத் துணி கையில் இருக்கவேண்டும் என்பதை அவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். மரக்காயர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்த கணக்கு அது. இன்னும் தெற்கே பரங்கிப்பேட்டையிலிருந்து அச்சேக்கும் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் அவர்தம் கப்பல்கள் பின்னரும் நெடுங்காலம் சென்றன.

வணிகம் 'செஜாரா மெலாயு'வில் வெளிப்படையாகத் தலைகாட்டும் இடம் ஒன்றுண்டு. அது நமக்கு உவப்பானதன்று. மலாக்காவில் வணிகர் தலைவராக இருந்த நினா சூர தேவானாவுக்கும், ஷாபந்தராகிய ராஜா மெந்தெலியாருக்கும் வழக்கு மூள்கிறது. பெயர்களில் நயினாரும் முதலியாரும் ஒலிப்பதைக் காணலாம். வழக்கை விசாரிக்கும் பெண்டஹாரா துன் முத்தாஹிருக்கு நினா சூர தேவானா இரவில் பொன் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அவருடைய உறவினனும் ராஜா மெந்தெலியாரிடம் கடன்பட்டவனுமாகிய கித்துல் என்பவன், கடன் நீங்குவதற்காக அதனைக் காட்டிக்கொடுக்கிறான். அஞ்சிய ராஜா மெந்தெலியார் தம் செல்வத்தைக் கடற்படைத் தலைவர் கோஜா ஹஸனிடம் கொட்டி, பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்று சுல்தானிடம் கோள் சொல்லச் செய்கிறார். ஏற்கெனவே பெண்டஹாராமீது மனக்கசப்புக் கொண்டிருந்த சுல்தான், ஆராயாமல் கொலைத்தண்டனை விதிக்கிறார். துன் முத்தாஹிர் மணி புரிந்தானின் பேரன். அவர் கொல்லப்பட்டது 1510இல் என்பர். அடுத்த ஆண்டு மலாக்கா வீழ்ந்தது. மணி புரிந்தானைப் பெருமையோடு எடுத்துரைக்கும் நம் கட்டுரைகளில் கித்துலைக் காண முடிவதில்லை. ஒரே நூல், ஒரே கரையின் மக்கள், ஒரே குடும்பத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும். முதலதிகாரத்தை மட்டும் நம்முடையதென்று கொள்வதற்கு நூல் இடம் தரவில்லை.

பிற்காலத்தில் இந்நூலை 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிங்கப்பூரில் அச்சிட்டவர் முன்ஷி அப்துல்லாஹ் என்பது இங்கு நினைக்கத்தக்கது. யமனிலிருந்து வந்த அவருடைய முன்னோர் நாகூரில் மணவுறவு கொண்டவர். மலாக்காவில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது நெடுநாள் வழக்கம் என்றும், தாமும் அவ்வாறே கற்றதாகவும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். 'கெலிங்' என்பது இழிசொல்லாக ஒலிக்கும் இன்றைய மலேசியாவில், அக்குறிப்பைப் படிப்போர் சற்றே நின்று போகக்கூடும்.

நூல் எழுதப்பட்ட வேளையை நோக்கினால் மற்றொன்றும் விளங்குகிறது. 1612இல் பாசாய் என்ற அரசே இல்லை. போர்த்துக்கேயர் 1521இல் அங்கே கோட்டை கட்டினர். 1524இல் அச்சே அதனைக் கைப்பற்றித் தன்னோடு இணைத்துக்கொண்டது. துன் ஸ்ரீ லானாங்கின் நாளில் அச்சேயை ஆண்டவர் 1607இல் அரியணை ஏறிய இஸ்கந்தர் முடா. ஜோகூர் அவர் நிழலில் நடுங்கிக்கொண்டிருந்தது. மறைந்துபோன பாசாய் மலாக்காவுக்குச் செம்பா செய்ததா, ஸலாம் சொன்னதா என்று அந்நாளில் இத்துணை அக்கறையோடு எழுதியது, பழங்கதைமீது கொண்ட பற்றினால் மட்டும் அன்று என நாம் கருதுகிறோம். பாசாயின் நிலத்தில் இப்போது நின்றது அச்சே. பாசாயைப் பற்றிய ஒவ்வொரு வரியும் அச்சேக்குச் சொல்லப்பட்ட மறுமொழியாகவும் அமைந்தது.

நீரிணையின் இருகரைகளும் இருவேறு நாடுகளாவதற்கு வேறொரு மடல் போதுமானதாயிற்று. 1824 மார்ச் 17இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் லண்டனில் செய்த உடன்படிக்கை அது. அதில் மலாய் அரசர் எவரும் ஒப்பமிடவில்லை. விடுதலைக்குப் பின் மலேசியாவும் இந்தோனேசியாவும் தம்மை 'செரும்பூன்', அதாவது ஒரே மூங்கிற்புதரில் கிளைத்தவர் என்று அழைத்துக்கொண்டன. 1963 முதல் 1966 வரை சுகர்ணோவின் 'கொன்ஃப்ரொந்தாசி'யில் அதே நாடுகள் ஆயுதமேந்தி நின்றன. 1967இல் ஆசியான் அமைப்பில் ஒன்றாய் அமர்ந்தன. சிபாடான், லிகித்தான் தீவுகளின் உரிமையை 2002இல் பன்னாட்டு நீதிமன்றம் மலேசியாவுக்கு வழங்கியது. 2005இல் அம்பாலாட் கடற்பகுதி பற்றிய பூசல் மூண்டது. உறவின் சொற்களில் குறைவில்லாத இருவரிடையே மதிப்புப் பற்றிய பூசல் எளிதில் மூள்வதை 'செஜாரா மெலாயு' படித்தவர்கள் புதுமையாகக் கொள்ளமாட்டார்கள்.

நூல் தொகுக்கப்பட்ட மறு ஆண்டே, 1613இல், அச்சேப் படை பத்து சாவாரைத் தாக்கி ஜோகூர் அரசவையினரைச் சிறைப்பிடித்துச் சென்றது. அவர்களுள் துன் ஸ்ரீ லானாங்கும் ஒருவர். அவர் ஜோகூர் திரும்பவில்லை. அச்சேயின் சமலாங்காவில் வாழ்ந்து அங்கேயே மறைந்தார் என்பது மரபு. 1638இல் அச்சே சுல்தானின் பணிப்பின்பேரில் 'புஸ்தானுஸ் ஸலாத்தீன்' எழுதத் தொடங்கிய குஜராத்து அறிஞர் நூருத்தீன் அர்-ரானீரி, மலாய் அரசர்களைப் பற்றி எழுதுமிடத்தில், ஜோகூர் பெண்டஹாரா இயற்றிய நூல் என்று அதனைச் சான்றாக எடுத்தாண்டார்.